காவல் தெய்வங்களும் கறுப்பு இசையும்

1930-ஆம் ஆண்டு பிரான்சின் கோன்கூர் பரிசு 'மலேசி' என்ற நாவலுக்குக் கிடைத்தது. எழுதியவர் ஆன்றி ஃபோகோனியே. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்ட துரை அவர். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை சாகுபடியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அந்த மண்ணின் காடும் இருட்டும் வெறியும் ஒரு பிரெஞ்சு நாவலாகி உலகப் புகழ் பெற்றன. அதே காட்டை வெட்டிச் சாய்த்த தமிழர்களின் அச்சத்தை அந்தக் காலத்தில் யாரும் நூலாக்கவில்லை. அந்த அச்சம் தோட்டத்து எல்லையில், மரத்தடியில், ஒரு சூலமாக ஊன்றப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவில் அதற்கு மேளம் கொட்டினார்கள்.

பிளாக் மெட்டல் என்ற இசையைப் பற்றிய கட்டுரைக்கு இது விசித்திரமான தொடக்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இசையின் சுயத்தன்மை எது, ஆழம் எது என்று கேட்டால், வட சிலாங்கூர்த் தோட்டங்களை விட்டுவிட்டு என்னால் பதில் தேட முடியவில்லை. பிறர் அஞ்சியதை வேடமாக அணிபவனின் கலை சீக்கிரம் வெளுத்துவிடும். தன் மக்கள் உண்மையிலேயே அஞ்சியதை, அஞ்சியபடியே கூட வாழ்ந்ததை எடுத்துப் பாடுபவனின் கலை நிற்கும். நோர்வேயில் நடந்ததும் இதுதான், நம்மிடையே பாதி நடந்து நின்றுபோனதும் இதுதான் என்பது என் கருத்து.

பிளாக் மெட்டல் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கித்தாரின் ஒரே தந்தியை இடைவிடாமல் அதிவேகமாக மீட்டி, சுருதியை ஒரு திரைபோல விரிப்பார்கள். முரசு அதைவிட வேகமாக ஓடும். பாடகர் பாடமாட்டார், தொண்டை கிழியக் கதறுவார். பதிவு வேண்டுமென்றே கரடுமுரடாக இருக்கும். முகத்தில் பிணம்போல வெள்ளையும் கறுப்பும் பூசுவார்கள். பெயர் வந்தது இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து. வெனத்துக்குச் சாத்தான் ஒரு மேடை வேடம். கேட்பவரை அதிரவைக்க வாடகைக்கு எடுத்த உடை. அடுத்து வந்த நோர்வே இளைஞர்கள் அந்த வேடத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். 1992-இல் பெர்கன் அருகே ஃபான்டொஃப்ட் மரத்தேவாலயம் எரிந்தது. மேலும் பல தேவாலயங்கள் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கித்தார் கலைஞர் யூரோனிமஸைப் பர்ஸம் என்ற பெயரில் தனியாளாக இசையமைத்துவந்த வர்க் விக்கெர்னஸ் குத்திக் கொன்றார். விக்கெர்னஸ் பிற்பாடு இனவெறியைப் பரப்புபவராகவும் ஆனார்.

இந்தக் குற்றங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இசைக்கு அவை எதையும் சேர்க்கவில்லை. எரித்தவர்களின் ஆவேசத்தில் ஆழத்தைத் தேடுவோர் வெறும் வதந்தியை ரசிக்கிறார்கள் என்றே சொல்வேன். ஆழம் வேறு இடத்தில் இருந்தது. சுவீடனின் பாத்தரி, தொடக்கத்தில் வெனத்தைப் போலவே சாத்தானைக் கூவிய குழு, 1990-இல் 'ஹேமர்ஹார்ட்' தொகுப்பில் தன் முன்னோரின் கடலுக்கும் கடவுள்களுக்கும் திரும்பியது. நோர்வேயின் என்ஸ்லேவ்ட் தன் 1994-ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியில் பாடியது. அடுத்த ஆண்டு உல்வர் குழு 'பெர்க்டாட்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. மலைக்குள் வாழும் பூதங்களால் ஈர்க்கப்பட்டுத் தொலைந்துபோகும் ஒரு பெண்ணின் கதை அது; ஐந்து அத்தியாயங்கள், பழைய வழக்கு மொழி, நடுநடுவே புல்லாங்குழல். எந்தப் பாட்டி அந்தக் கதையைச் சொல்லி எந்தப் பேரன் நடுங்கினானோ, அந்த நடுக்கம் இசையில் கேட்கிறது. சாத்தான் அவர்களுக்கு விவிலியத்திலிருந்து வந்த இரவல். மலைப்பூதம் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான இரண்டு உதாரணங்கள் அமெரிக்கப் பின்னணியில் உண்டு. பனாப்டிகான் என்ற பெயரில் தனியாளாக இசையமைக்கும் ஆஸ்டின் லன் 2012-இல் 'கென்டக்கி' தொகுப்பை வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் சாவும் வேலைநிறுத்தமும் அதன் பொருள். பழைய தொழிற்சங்கப் பாடல்களைப் பாஞ்சோவும் பிடிலும் இசைக்க அப்படியே உள்ளே வைத்தார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த, ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த மனுவேல் காஞ்ஞோ 2016-இல் ஸீல் அண்ட் ஆர்டர் என்ற பெயரில் 'டெவில் இஸ் ஃபைன்' தந்தார். பருத்தித் தோட்டத்து அடிமைகள் எசமானரின் கடவுளை ஏற்காமல் எதிர்ப்பக்கம் போயிருந்தால் எப்படிப் பாடியிருப்பார்கள் என்ற கற்பனை அது. சங்கிலி ஓசையும் கூட்டுப்பாட்டும் பிளாக் மெட்டல் கதறலும் அதில் ஒன்றாக வருகின்றன. சில பாடல்கள் பரிசோதனை அளவிலேயே நின்றுவிடுகின்றன, உண்மைதான். ஆனால் தோட்டத் தொழிலாளியின் குரலும் இந்த இசையும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை என்பதை அவர் காட்டிவிட்டார். அந்த அடிமைகளுக்குக் கற்பனையில்தான் வேறொரு கடவுளைத் தேட வேண்டியிருந்தது. நம் தோட்டத்து மக்களிடம் அப்படிப்பட்ட கடவுள் நிஜமாகவே இருந்தார், அதுவும் பலராக.

காட்டை அழித்து ரப்பர் நட்ட முதல் தலைமுறைக்கு வேலையைவிடக் காய்ச்சல்தான் பெரிய பகை. மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் தொடங்கி, சிலாங்கூர் தோட்டங்கள் வரை கொண்டுசென்ற கொசு ஒழிப்புப் பணியைப் பற்றி 1911-இல் எழுதிய நூலைப் புரட்டினால், மலேரியா அன்று லயங்களை எப்படிக் காலி செய்தது என்பது தெரியும். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிந்தது. கங்காணி வழி ஆளெடுப்பு 1938 வரை ஓடியது. அந்தக் காலமெல்லாம் கப்பலேறி வந்தவர்கள் தங்கள் தெய்வங்களைக் கூடவே கொண்டுவந்தார்கள். தோட்டத்தின் நடுவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, தோட்டத்து எழுத்தரான கிராணியும் வேலை மேற்பார்க்கும் தண்டலும் முன்வரிசையில் நிற்பார்கள். எல்லையில் நின்றவர்கள் வேறு வகை. முனியாண்டி, மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன், சுடலைமாடன், காளி. அவர்களுக்குச் சுருட்டும் சாராயமும் சேவலும் ஆடும் படையல். இருட்டில் பால் வெட்டப் போகிறவன் கையெடுத்துக் கும்பிட்டது அவர்களைத்தான். பெரியாச்சி பிரசவத்தில் சாகாமல் காப்பவள். மலாய்க்காரர்கள் பிரசவத்தில் இறந்த பெண் லாங்சுயிர் என்ற பேயாவாள் என்று அஞ்சினார்கள். ஒரே ஆற்றங்கரையில் ஒரே சாவைப் பார்த்த இரண்டு சமூகங்கள், ஒன்று அதைப் பேயாகவும் மற்றொன்று காவலாகவும் உருவகித்தன.

அந்த லாங்சுயிரைத் தன் பெயராகக் கொண்ட ஒரு மலேசிய பிளாக் மெட்டல் குழு 1990-களில் தோன்றியது. சிங்கப்பூரின் அஸ் சஹார் குழு மலாய் மொழியிலேயே, மலாய் மாந்திரீக மரபைப் பொருளாகக் கொண்டு பாடியது. நோர்வேயைப் பார்த்து நகலெடுத்த குழுக்கள் இங்கே ஏராளம். இவை அவற்றிலிருந்து விலகித் தெரிவதற்குக் காரணம், தங்கள் கம்பத்து இருட்டிலிருந்து எடுத்ததுதான். இந்த இசையே ஊரை அச்சுறுத்தும் பேயானதும் உண்டு. 2001-இல் கெடாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய பிளாக் மெட்டல் பீதியில் பள்ளி மாணவர்கள் சோதனைக்கு ஆளானார்கள். 2005-ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சிக்குள் காவல்துறை புகுந்து ஏறத்தாழ 380 இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. அங்கே வாசித்த பெரும்பாலானவர்கள் பங்க் வகைக் குழுவினர், பிளாக் மெட்டலே இல்லை. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் அந்த இசை இஸ்லாமுக்குப் பொருந்தாது என்று அறிவித்தது.

தமிழர் தரப்பில் இந்த வகையில் உலக அளவில் பேர் பெற்றது சிங்கப்பூரின் ருத்ரா. 1992-இல் தொடங்கிய குழு. பாடுபவரும் பேஸ் கித்தார் வாசிப்பவரும் கதிரேசன். 1998-இல் முதல் தொகுப்பு. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' முத்தொகுப்பு அவர்களுடைய பெரும் சாதனை. உபநிடத வரிகளையும் வேத ஓதலையும் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் கட்டமைப்புக்குள் கொண்டுவந்து, அத்வைத விசாரத்தையே பாடல் வரியாக்கினார்கள். இந்த இசையில் இவ்வளவு கட்டுக்கோப்பான சிந்தனையை வேறெங்கும் நான் கண்டதில்லை. சாத்தான் என்ற எதிரியே அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அகங்காரம்தான் அவர்களின் அரக்கன். ஆனால் ருத்ரா எடுத்தது மரபின் மேல்தட்டிலிருந்து. வடமொழியும் வேதாந்தமும் ஆங்கிலமும் அங்கே உண்டு. முனியாண்டி அங்கே இல்லை. 2022-இல் வந்த 'எய்ட் மஹாவித்யாஸ்' தொகுப்பில் தாந்திரீக தேவியரை நோக்கி அவர்கள் இறங்கிவந்ததை நான் மகிழ்ச்சியோடு கேட்டேன். எல்லைச் சாமிக்கு இன்னும் ஓரடி கீழே வரவேண்டும்.

அந்த ஓரடிக்குக் கீழே என்ன ஒலிக்கிறது என்றால், உறுமி மேளம்.

உடுக்கை வடிவில் இடை சிறுத்த, இருமுகத் தோற்கருவி அது. வலப்பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும். அழுத்தத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும், வழுக்கும். இசைப் பள்ளியில் கற்பிக்கும் எந்தச் சுரத்திலும் அது நிற்காது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தவிலும் பம்பையுமாக அடிக்கும்போது அந்த முனகல் அடித்தளத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிளாக் மெட்டல் கித்தார் செய்யும் வேலையும் இதேதான்: தாளத்துக்கு அடியில் ஓயாத ஓர் அதிர்வு. வேகமும் இரண்டுக்கும் ஒரே பயன் தருகிறது. மெதுவாகத் தொடங்கி, நெருக்கி, முடுக்கி, ஒரு கட்டத்தில் அடிகளைத் தனித்தனியாகக் காது பிரிக்கமுடியாமல் போகும்போதுதான் சாமி இறங்குகிறது. பிளாக் மெட்டலின் முரசும் எண்ணமுடியாத வேகத்தை எட்டியபின் அசையாமல் நிற்பது போலக் கேட்கும். அந்த அசைவின்மையைத் தேடித்தான் அதன் ரசிகர்கள் போகிறார்கள்.

குரலையும் சொல்ல வேண்டும். கதறும் பாடகரைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள், சாமியாடி குறி சொல்லும் குரலை இளமையிலிருந்து கேட்டவர்கள்தான். மனிதக் குரல் தன் எல்லையை உடைக்கும்போதுதான் அதற்குள் வேறொருவர் வந்திருக்கிறார் என்று நம்பும் மரபு நம்முடையது. டார்க்த்ரோன் குழு 1994-இல் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' தொகுப்பை நான்கு தடம் மட்டுமே உள்ள எளிய கருவியில் பதிவுசெய்து, இரைச்சலையே அழகாக்கியது. கோயில் ஒலிபெருக்கியின் இரைச்சலோடு விற்பனைக்கு வந்த உறுமிக் குறுந்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த அழகை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு இசைகளுக்கும் விழுந்த அடியும் ஒன்றே. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை. 2015 பிப்ரவரியில் மேளம் அடித்தது தொடர்பாக எழுந்த தகராறில் மூவர் கைதானார்கள். அதன்பின் நடந்த பேச்சுகளால் 2016-இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதே சிங்கப்பூரில் 2019 மார்ச்சில் சுவீடனின் வாட்டெய்ன் என்ற பிளாக் மெட்டல் குழுவின் நிகழ்ச்சி, தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது ரத்தானது. மலேசியாவில் உறுமிக்கு அரசைவிட நம்மவர்களே பெரிய எதிரிகள். குண்டர் கும்பல் இசை, ஆகமத்துக்குப் புறம்பானது, பிள்ளைகளைக் கெடுப்பது என்று மேடைதோறும் கேட்கிறோம். முருகனுக்கு எடுக்கும் காவடிக்கு முன்னால் காளி பாட்டு எதற்கு என்கிறார்கள். எல்லைச் சாமிகளை வெட்கத்தோடு பார்க்கும் கல்விதான் இங்கே பேசுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, பின் வீடமைப்புத் திட்டங்களாகி, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனபோது, மாரியம்மன்கள் சிலர் கோபுரத்தோடு இடம் மாறினார்கள். முனியாண்டிகளில் பலர் மரத்தோடு போய்விட்டார்கள். அவர்களுடைய ஒலியை மட்டும் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தார்கள். இதைக் காப்பாற்றியதற்காக அவர்களுக்கு இந்தச் சமூகம் இன்னும் நன்றி சொல்லவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, பாடல் வரிகளைப் பற்றிய என் மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். உறுமிக் குழுக்கள் பாடும் பாடல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டு அம்மன் பாடல்களின் மெட்டில், சினிமா மெட்டில், தெய்வத்தின் பெயர்களை அடுக்குவதோடு முடிந்துவிடுகின்றன. ஆங்கார ரூபி, கோபக் கண், அரிவாள், வேட்டை. நோர்வேக் குழுக்களின் மூன்றாந்தர நகல்கள் சாத்தான், இரத்தம், நரகம் என்று அடுக்குவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. உடுக்கையடித்துப் பூசாரிகள் பாடிய பழைய வர்ணிப்பில் இந்தத் தேய்வு இல்லை. தெய்வத்தை உச்சியிலிருந்து பாதம் வரை வர்ணித்து, எந்த மலையிலிருந்து புறப்பட்டாய், எந்த ஆற்றைக் கடந்தாய், ஏன் இன்னும் வரவில்லை என்று கோபித்து, கெஞ்சி, மிரட்டி வரவழைப்பது அது. சாமியோடு வழக்காடும் துணிச்சல் அதில் உண்டு. மதுரை வீரன் கதைப்பாட்டில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன்தான் தெய்வமாகிறான். அநியாயமாகச் செத்தவனே காவல் காக்கிறான் என்ற இந்த எண்ணத்தைவிட ஆழமான கறுப்புப் பொருளை எந்த மெட்டல் குழுவும் தொட்டதில்லை.

அப்படியானால் தோட்டத்தில் அநியாயமாகச் செத்தவர்கள் எங்கே? காய்ச்சலில் போனவர்கள், பாம்பு தீண்டியவர்கள், 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்கள், சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்கள். நம்முடைய ஒரு பாட்டிலும் அவர்கள் சாமியாக இறங்கி வருவதை நான் கேட்டதில்லை. முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' நூறாண்டுக் கவிதையை ஒரே இடத்தில் சேர்த்தது. உறுமிப் பாட்டுக்கு அப்படி ஒரு தொகுப்பைச் செய்யலாம் என்ற எண்ணமே நம் கல்விக்கூடங்களில் வேர்பிடிக்கவில்லை.

உரைநடை இந்த இருட்டுக்குள் போய்விட்டது. ம. நவீன் 2019-இல் எழுதிய 'பேய்ச்சி' நாவல் கெடாத் தோட்டத்துப் பின்னணியில், நாட்டார் தெய்வத்தின் உக்கிரத்தையும் மலிவு மது குடித்துச் செத்தவர்களின் நினைவையும் ஒன்றாக வைத்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. ஆபாசம் என்றார்கள். அந்த நாவலின் மொழி அந்தத் தோட்டத்தின் மொழி. அதைக் கழுவித் துடைத்து எழுதியிருந்தால் பேய்ச்சி அதில் இறங்கியிருக்கமாட்டாள். எல்லாப் பக்கமும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நம் தெய்வங்களின் இருட்டை அலங்காரமாக்காமல் எழுத ஒரு மலேசியத் தமிழரால் முடியும் என்பதற்கு அது சாட்சி. பாட்டில் அதை யாரும் இன்னும் செய்யவில்லை.

ஆகவே புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உறுமிக் குழு நடத்தும் தம்பிகளுக்கும், அறைக்குள் கித்தாரோடு மெட்டல் பழகும் தம்பி தங்கைகளுக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் தோட்டத்தில் உடுக்கையடித்துப் பாடிய பூசாரி உயிரோடிருந்தால் இந்த மாதமே போய் அவர் வர்ணிப்பை முழுதாகப் பதிவுசெய்யுங்கள், கைப்பேசி போதும். பாட்டிமாரிடம் எல்லைச் சாமி எந்த மரத்தடியில் இருந்தது, யார் செத்தபின் அங்கே சூலம் நட்டார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பிறகு நீங்களே ஒரு பாட்டு எழுதுங்கள். தோட்டத்தின் பெயரும் செத்தவர்களின் பெயரும் அதில் இருக்கட்டும். மெட்டை எந்தப் படத்திலிருந்தும் எடுக்காதீர்கள். வரும் திருவிழாவிலேயே அதைப் பாடுங்கள்.